பதினாலாயிரம் ரூபாய் சாம்ராஜ்யம்

எங்கள் வீட்டில் என்னிடம் அனுமதி கேட்கும் ஒரே ஜீவன் என் போன்தான். ஹாலுக்கு என்ன நிறத்தில் பெயின்ட் அடிப்பது, பையனை எந்த டியூஷனில் சேர்ப்பது, ஞாயிற்றுக்கிழமை வறுவலா குழம்பா என்பதெல்லாம் எனக்கு மேல்மட்டத்தில் முடிவாகி, எனக்குத் தகவலாக வந்து சேரும். சில சமயம் தகவலும் வராது. பெயின்டர் வந்து நிற்பார். போன் அப்படியில்லை. டார்ச் எரியவைக்கப் போனால்கூட நின்று, மரியாதையாக, "இந்தச் செயலி உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா?" என்று கேட்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று டார்ச்சுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? இருட்டில் இருக்கிறேன், அவ்வளவுதானே. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டதே என்ற நெகிழ்ச்சியில் அனுமதித்துவிடுவேன்.

இது ஒரு சீனக் கம்பெனியின் போன். விலை பதினாலாயிரத்துக்குள். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மறுப்பு அறிக்கையை என் போன் திரையிலேயே விளம்பரமாகப் போட்டுவிடுவார்கள். அதற்கான வசதி அவர்களிடம் தாராளமாக இருக்கிறது.

என் மைத்துனன் ஐபோன்காரன். மாதாமாதம் தவணை கட்டுகிறான். போன தீபாவளிக்கு வந்தபோது என் போனை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கு மாமா இதுல இவ்வளவு செட்டிங்ஸ்? என் போன்ல எதையும் தொடவே வேணாம். எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்" என்றான். அவனுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. எதையும் தொட வேண்டாம், எல்லாம் அதுவாகவே நடக்கும் என்ற ஏற்பாட்டின் கீழ்தான் நான் பல வருடங்களாகக் குடும்பம் நடத்துகிறேன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டில்தான் எனக்கு வேலையில்லை. போனிலாவது வேண்டாமா?

சாப்பிட்டு முடித்து பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தால் நான் செட்டிங்ஸைத் திறந்துவிடுவேன். சார்ஜ் ஏறும்போது திரையில் மின்னல் வெட்ட வேண்டுமா, நீர்க்குமிழி எழும்ப வேண்டுமா? நான்தான் சொல்ல வேண்டும். நேரம் இடது மூலையிலா, நடுவிலா? என் இஷ்டம். மூன்று விரலால் கீழே இழுத்தால் ஸ்கிரீன்ஷாட். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் கேமரா. எழுத்தின் தடிமனை ஒரு சறுக்குக் கோட்டில் விரலை வைத்து நகர்த்தி, தடித்து, மெலிந்து, மறுபடி தடித்து, கடைசியில் ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே விடுவதற்கு அரை மணி ஆகிவிடும். அந்த அரை மணி நேரம் நான் ஆட்சி செய்கிறேன். உள்ளேயிருந்து "ஏங்க, மோட்டார் போட்டீங்களா?" என்று குரல் வரும்போது ஆட்சி கலையும்.

இந்தச் சீனப் போன்காரர்களுக்கு என் மனசு எப்படித் தெரிந்தது என்று யோசித்திருக்கிறேன். தெரிந்துகொள்வதற்காக அவர்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஷாவ்மி என்ற கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைக்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாததால் 'எம்ஐ' என்று சொல்லிச் சமாளித்தார்களே, அதுதான். 2010 ஏப்ரலில் லெய் ஜுன் என்பவரும் கூட்டாளிகளும் பெய்ஜிங்கில் தினைக் கஞ்சி குடித்துவிட்டுத் தொடங்கிய கம்பெனி. அப்போது அவர்களிடம் போனே கிடையாது. அந்த ஆகஸ்டில் அவர்கள் முதலில் வெளியிட்டது எம்ஐயுஐ என்ற மென்பொருள். மற்ற கம்பெனிகளின் போன்களில் ஏற்கெனவே இருக்கும் ஆண்ட்ராய்டுக்கு மேலே போட்டுக்கொள்ளும் சட்டை. சட்டை தைத்து ஒரு வருடம் கழித்து, 2011இல்தான் அதற்கு ஏற்ற உடம்பாக முதல் போனை 1,999 யுவானுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதில் என்னை உருக்கிய சங்கதி வேறு. அந்த மென்பொருளை முதன்முதலில் தங்கள் போனில் ஏற்றிப் பார்க்க முன்வந்தவர்கள் நூறு பேர். அந்த நூறு பேரின் பெயரையும் போன் உயிர்பெறும்போது வரும் முதல் திரையில் போட்டு நன்றி சொன்னார்கள். அதன்பிறகு என்ன வேண்டும், எது பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சேர்த்து, வெள்ளிக்கிழமை தோறும் புது அப்டேட் விட்டார்கள். நான் என் வீட்டில் 'ரசத்தில் கொஞ்சம் மிளகு கூட்டலாம்' என்று ஒரு கோரிக்கை வைத்தேன். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

2015 ஏப்ரலில் டெல்லியில் எம்ஐ 4ஐ என்ற போனை அறிமுகம் செய்தபோது, லெய் ஜுன் மேடையேறி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கூட்டத்தைப் பார்த்து "ஆர் யூ ஓகே?" என்று கேட்டார். சீனத்து இளைஞர்கள் அதை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கி, அவரை வருடக்கணக்கில் கிண்டல் செய்தார்கள். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கோடீஸ்வரர் புறப்பட்டு வந்து, நீ நன்றாக இருக்கிறாயா என்று விசாரித்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எனக்கு 104 டிகிரி காய்ச்சல் வரும்போது மட்டும் வரும். அதுவும் தெர்மாமீட்டரைச் சரிபார்த்த பிறகு.

சீனப் போன் என்றாலே நாம் மூக்கைச் சுளித்த காலமும் உண்டு. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் 'கொரியன் செட்' என்ற பெயரில் சீனத்துச் சரக்கு குவிந்து கிடக்கும். இரண்டு சிம், ஏரியல் இழுத்தால் டிவி, தெருமுனை வரை கேட்கும் ஸ்பீக்கர். ஒரு அழைப்பு வந்தால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் தத்தம் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவற்றில் பலவற்றுக்கு ஐ.எம்.இ.ஐ. எண்ணே கிடையாது. 2009 டிசம்பர் 1 முதல் அந்த எண் இல்லாத போன்களுக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. ஊரே கொஞ்சம் அமைதியானது.

பிறகு 2014 ஜூலையில் எம்ஐ 3 வந்தது. விலை 13,999. அதே ஸ்னாப்டிராகன் 800 சில்லு உள்ள நெக்ஸஸ் 5 அறிமுகமானபோது 28,999. பாதி விலை! என்னைப் போன்ற ஆசாமிகளுக்குப் 'பாதி விலை' என்ற சொல் காதில் விழுந்தால் மூளையின் மற்ற பகுதிகள் தாமாகவே அணைந்துவிடும். அதுவும் கடையில் போய் வாங்க முடியாது. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, குறித்த நேரத்தில் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2014 செப்டம்பர் 2, செவ்வாய்க்கிழமை, மதியம் 2 மணிக்கு ரெட்மி 1எஸ் போன்கள் 40,000 விற்பனைக்கு வந்தன. விலை 5,999. 4.2 விநாடியில் தீர்ந்தன. நான் அன்றைக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். தட்கல் டிக்கெட்டில் தோற்றுப் பழகிய கைதான், அதனால் பெரிய அவமானமாகத் தெரியவில்லை. ஆபீசில் எங்களில் ஒரே ஒருவரைத் தவிர யாருக்குமே கிடைக்கவில்லை. அவருக்கு அடுத்த ஒரு வாரம் யாரும் சாம்பார் பகிர்ந்துகொடுக்கவில்லை.

இப்போது அந்தக் கஷ்டமில்லை. கிராமத்து பேக்கரியின் பெயர்ப்பலகையில்கூட பேக்கரி பெயர் சின்னதாகவும் விவோ அல்லது ஓப்போவின் பெயர் பெரியதாகவும் இருக்கிறது. தேங்காய் பன் கேட்கப் போனவர் போனோடு திரும்பினால் ஆச்சரியமில்லை. ஐ.பி.எல். போட்டிக்குப் பெயர் கொடுக்கிற உரிமையை 2018 முதல் ஐந்து வருடத்துக்கு 2,199 கோடி ரூபாய் கொடுத்து விவோ எடுத்தது. இத்தனை கோடியை அங்கே கொட்டிவிட்டு எனக்கு மட்டும் எப்படி மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று நான் என் மனைவியிடம் வியந்தேன். "உங்ககிட்ட மலிவா குடுக்கிற யாரையுமே நீங்க கணக்குக் கேட்டதில்ல" என்றாள்.

கணக்கை ஷாவ்மியின் லெய் ஜுன் 2018 ஏப்ரலில் வெளிப்படையாகவே சொன்னார்: போன் முதலான சாதனங்களை விற்பதில் ஐந்து சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்க மாட்டோம். மீதி வருமானம் இணையச் சேவைகளிலிருந்து வரும். இணையச் சேவை என்றால் பெரும்பகுதி விளம்பரம். எங்கள் தெரு அண்ணாச்சி பொன்னி அரிசியை ஊரிலேயே குறைந்த விலைக்குப் போட்டுவிட்டு, பெருங்காயத்திலும் முந்திரியிலும் விட்டதை எடுப்பாரே, அதே கணக்கு. அண்ணாச்சி அரிசி மூட்டைக்குள் விளம்பர நோட்டீஸ் வைப்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் கம்பெனியின் போன்களில் செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ளேயே விளம்பரம் வருகிறது என்று 2018இல் வாடிக்கையாளர்கள் கொதித்தபோது, ஆமாம், அது எங்கள் வியாபாரத்தின் ஒரு பகுதி, வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ஒளிவுமறைவு இல்லாத பதில்.

அணைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. எங்கே அணைப்பது என்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது. இனி நான் சொல்வது என் போனைப் பற்றி மட்டும். ஃபைல் மேனேஜரைத் திறந்தால், ஐந்து நிமிடத்தில் இரண்டு லட்சம் கடன் தரத் துடிக்கிறேன் என்று ஒருவர் நிற்கிறார். மணி பார்க்கலாம் என்று பொத்தானை அழுத்தினால் சுவிட்சர்லாந்து மலையும், அதன் கீழே நடிகை ஒருவரின் சரும ரகசியமும் வருகின்றன. மணி எங்கோ ஓரத்தில். 'பரிந்துரைகள்' என்ற பெயரில் இருக்கும் இந்த விருந்தாளிகளை அனுப்ப, செட்டிங்ஸுக்குள் ஐந்தாறு படி இறங்கிப் போக வேண்டும். போய் அணைத்தால் உடனே அணையாது. 'யோசித்துப் பாருங்கள்' என்ற தோரணையில் பத்து விநாடி எண்ணும். பத்து, ஒன்பது, எட்டு... இந்த இடைவெளியில் நானே மனம் மாறியிருக்கிறேன். பாவம், பதினாலாயிரத்துக்கு இவ்வளவு கொடுத்தவன், ஒரு விளம்பரம் காட்டிவிட்டுப் போகட்டுமே என்று தோன்றிவிடும். பேரத்தில் ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டு, ஆட்டோவை விட்டு இறங்கும்போது மனசு கேட்காமல் அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிற பரம்பரை என்னுடையது.

விளம்பரம் இருந்தாலும் வசதியைக் குறை சொல்ல முடியாது. ஒரே போனில் இரண்டு வாட்ஸப் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சீனக் கம்பெனிகள் வெகு காலம் முன்பே கொடுத்துவிட்டன; வாட்ஸப்பே ஒரு போனில் இரண்டு கணக்குக்கு வழி செய்தது 2023இல்தான். இரண்டு சிம் வைத்திருப்பவனுக்கு இரண்டு வாட்ஸப் எவ்வளவு அவசியம் என்று யோசித்த அந்த சீனத்துப் பொறியாளர், அதை மனைவியிடம் எப்படி விளக்குவது என்றும் ஒரு உதவிப் பக்கம் எழுதியிருக்கலாம்.

"எதுக்குங்க ரெண்டு வாட்ஸப்?"

"ஒண்ணு ஆபீஸுக்கு. இன்னொண்ணு வீட்டுக்கு."

"வீட்டுக்கு எது?"

"இது... ரெண்டாவது."

"வீடு ரெண்டாவதா?"

அன்று மாலையே சிம்களை இடம் மாற்றிப் போட்டேன். ஆபீஸ் இரண்டாவதானது. மேலதிகாரிக்குத் தெரியாது.

கடையில் விற்பனைப் பையன் இதைவிடப் பெரிய வசதி ஒன்றையும் காட்டினான். "சார், இதுல ரெண்டாவது ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கு. கட்டை விரல் வெச்சா ஒரு போன் திறக்கும். ஆள்காட்டி விரல் வெச்சா வேற போன் திறக்கும். வேற படம், வேற ஆப், எல்லாமே வேற. யாருக்கும் தெரியாது." அவன் கண்ணைச் சிமிட்டியதாக எனக்குப் பட்டது. சின்ன வீடு வைக்கும் வசதியோ தைரியமோ இல்லாத ஒருவனுக்குச் சீன தேசம் சின்ன போன் ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறது! வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதைத் திறந்து வைத்தேன். ஆள்காட்டி விரலைப் பதித்தேன். புத்தம்புது, வெறுமையான, ரகசியமான ஒரு போன் என் முன் விரிந்தது. உள்ளே என்ன வைப்பது?

இரண்டு நாள் யோசித்தேன். மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் இந்த வயது வரை வந்து சேர்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மனிதனை இதைவிடக் கேவலமாக ஒரு இயந்திரம் நடத்த முடியாது. கடைசியில் அந்தப் போனின் பில்லையே படம் பிடித்து உள்ளே வைத்தேன். வீட்டில் சொன்ன விலைக்கும் அதில் இருந்த விலைக்கும் சுமார் நாலாயிரம் ரூபாய் மனஸ்தாபம். ஒரு வாரம் கழித்து என் மனைவி, காய்கறி நறுக்கிக்கொண்டே, "பில்லை எதுக்குங்க பூட்டி வெச்சிருக்கீங்க? வாரன்டிக்கு வேணும்ல, பிரின்ட் எடுத்து பீரோல வைங்க" என்றாள். நான் தூங்கும்போது என் ஆள்காட்டி விரல் எங்கெல்லாம் போய்வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கேமராவைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. அதில் 'அழகு' என்று ஒரு சறுக்குக் கோடு இருக்கிறது. கம்பெனி அதைப் பாதி ஏற்றி வைத்தே கொடுத்திருக்கிறது. உறவில் ஒரு வளைகாப்பில் படமெடுத்தேன். பெரிய அத்தைக்கு இருபது வயது குறைந்தது. சின்ன அத்தைக்குக் கன்னத்து மச்சம் கரைந்தது. நானே எடுத்துக்கொண்ட செல்ஃபியில் என் மீசை பாதி காணாமல் போனது, யாரும் கவனிக்கவில்லை. மைத்துனன் தன் ஐபோனை நீட்டியபோது பெரிய அத்தை தடுத்து, "நீ எடுப்பா. அவன் போன்ல நெஜமா விழுது" என்று என்னைக் கூப்பிட்டார். தொழில்நுட்ப விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதி விளக்க முடியாததை அத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பேட்டரி விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். சீனாவில் கூகுளின் சேவைகள் கிடையாது. நம் போன்களில் எல்லாச் செயலிகளின் செய்தியையும் கூகுளின் ஒரே வாசல் வழியாக வரவழைக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு செயலியும் தன் செய்தியைத் தானே பிடித்துக்கொள்ள விழித்துக்கொண்டே கிடக்கும். விட்டால் மதியத்துக்குள் பேட்டரியைக் குடித்துவிடும். அதனால் கண்ணில் பட்ட செயலியை எல்லாம் தட்டித் தூங்கவைக்கும் பழக்கம் அந்த ஊர் மென்பொருள்களுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தோடுதான் இங்கேயும் வருகின்றன. என் போன் அதில் கண்டிப்பானது. 'வரும்போது கொத்தமல்லி' என்று மாலை ஆறு மணிக்கு அனுப்பப்பட்ட செய்தி, நான் எட்டு மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே திரையைத் திறந்தபோது 'டிங்' என்று வந்து சேர்ந்தது.

"போன் வாட்ஸப்பைத் தூங்க வெச்சிருச்சும்மா" என்றேன்.

"உங்களையுமா?"

மென்பொருள் ரீதியாக இதற்குத் தீர்வு உண்டு. 'ஆட்டோஸ்டார்ட்' என்ற பக்கத்தில் வாட்ஸப்புக்கு அனுமதி கொடுத்து, பேட்டரி பக்கத்தில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்ற வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு சாக்கு கையில் இருக்கும்போது அதை அவசரப்பட்டு எவன் சரிசெய்வான்?

எந்த ஜோடனையும் இல்லாத வெறும் ஆண்ட்ராய்டுதான் அழகு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஷாவ்மியே தன் சட்டையைக் கழற்றிவிட்டு, 2017 செப்டம்பரில் எம்ஐ ஏ1 என்ற போனை 14,999க்கு விட்டது. கூகுள் கொடுத்த ஆண்ட்ராய்டு அப்படியே. தூய்மை, எளிமை என்று எழுதாத பத்திரிகை இல்லை. 2019இல் மூன்றாவது மாடலோடு அந்த வரிசை நின்றுபோனது. எனக்கு ஆச்சரியமில்லை. மொட்டைச் சுவரோடு ஒரு வீட்டைக் கொடுத்தால் எங்கள் தெருவில் யார் குடிவருவார்கள்? இரண்டு ஆணி அடிக்கவாவது இடம் வேண்டாமா? எம்ஐயுஐயோ பதின்மூன்று வருடம் ஓடி, 2023 அக்டோபரில் ஹைப்பர்ஓஎஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது.

2020ஐச் சொல்லாமல் விடக்கூடாது. கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் இருபது பேர் உயிரிழந்த ஜூன் மாதம் அது. அந்தத் துயரம் சாதாரணமானதல்ல. அதைப் பற்றி வேடிக்கை பேச எனக்கு உரிமையில்லை. எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவைப் பற்றிப் பேச உரிமையுண்டு. சீனப் பொருள் எதுவும் இனி நம் வளாகத்துக்குள் வரக்கூடாது என்று மூன்றாம் மாடிக்காரர் ஒரு நீண்ட செய்தி போட்டார். எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டோம். அவர் எந்தப் போனிலிருந்து அனுப்பினார் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கேட்பவர் கையிலும் அதுவே இருந்தது. எல்லையில் பதற்றம் தொடங்கியிருந்த அதற்கு முந்தைய வாரங்களில் 'ரிமூவ் சைனா ஆப்ஸ்' என்று ஒரு செயலி பரவியது. 50 லட்சம் பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். ஜூன் தொடக்கத்தில் கூகுள் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குள் நானும் இறக்கியிருந்தேன். அது என் போனைத் தேடிப்பார்த்து, பையன் போட்டிருந்த ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து நீக்கியது. போனோடு பிறந்த செயலிகளை அது தொடவே இல்லை. சீனப் போனில் சீனத்தைத் தேடி, 'உங்கள் போன் சுத்தமாக இருக்கிறது' என்ற சான்றிதழோடு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதே ஜூனில் ஒன்பிளஸ் 8 ப்ரோ விற்பனைக்கு வந்து சில நிமிடங்களில் தீர்ந்தது. ஜூன் 29 அன்று அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. எங்கள் மூன்றாம் மாடிக்காரரின் மனைவி அதுவரை டிக்டாக்கில் நன்றாக நடித்துவந்தார் என்பது தடைக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரே வருத்தப்பட்டுச் சொன்னார்.

என் மைத்துனனிடம் ஒரே ஒரு முறை ஜெயித்தேன். அதை எழுதாமல் கட்டுரையை முடித்தால் எனக்குச் செரிக்காது.

போன மே மாதம். கத்திரி வெயில். அவன் வீட்டில் விருந்து. மாமனார், மாமியார், சகலை எல்லோரும் ஒரே அறையில். ஏ.சி.யின் ரிமோட்டைக் காணவில்லை. சோபாவைப் புரட்டினார்கள், மெத்தையைத் தூக்கினார்கள், குழந்தையை அதட்டினார்கள். மைத்துனன் ஐபோனை எடுத்து ஏதோ தேடிப் பார்த்தான். என் போனின் மேல் விளிம்பில், சார்ஜர் துளைக்கு நேர் எதிர்ப்பக்கம், மிளகு அளவில் ஒரு கருப்புப் பொட்டு உண்டு. அகச்சிவப்புக் கதிர் விடும் கண். சில சீனக் கம்பெனிகள் மலிவுப் போன்களில்கூட வைக்கிற சமாசாரம், ஐபோனில் கிடையாது. நான் எழுந்து நின்றேன். அவசரப்படவில்லை. ரிமோட் செயலியைத் திறந்தேன். முதலில் ஒரு விளம்பரம் வந்தது, மின்விசிறிக்கானது. ஐந்து விநாடி எல்லோரும் அதைப் பார்த்தோம். பிறகு ஏ.சி.யின் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, கையை உயர்த்தி, பொத்தானை அழுத்தினேன். 'பீப்'. இறக்கை மெல்லத் திறந்தது.

மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்து, "மாப்ள, இருபத்திநாலுல வைங்க" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. மைத்துனன், "என்ன இருந்தாலும் சைனா போன்தானே மாமா" என்று முணுமுணுத்தான். நான் விவரம் சொன்னேன்: 2015இல் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள ஸ்ரீசிட்டியில் ஷாவ்மிக்குப் போன் கோர்க்க ஆரம்பித்த ஃபாக்ஸ்கான், பிறகு ஸ்ரீபெரும்புதூரிலும் கோர்த்தது. அதே ஃபாக்ஸ்கான் 2019 முதல் அதே ஸ்ரீபெரும்புதூரில் ஐபோனும் கோர்க்கிறது. உன் போனும் என் போனின் ஒன்றுவிட்ட சகோதரனும் ஒரே ஊர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள், தம்பி. ஒன்று தவணையில் வீட்டுக்கு வந்தது, ஒன்று ரொக்கத்தில் வந்தது, அவ்வளவுதான். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஏ.சி. காற்று கண்ணில் பட்டும் அப்படி இருந்திருக்கலாம்.

ஆகவே, பதினைந்தாயிரத்துக்குள் போன் தேடும் குடும்பஸ்தர்களே, தயங்காமல் சீனப் போனை வாங்குங்கள். அந்த விலைக்கு அதைவிட அதிகம் கொடுக்கிற வேறு யாரும் நம் கண்ணில் படுவதில்லை. வாங்கிய அன்றே பரிந்துரைகளை அணைத்துவிடுங்கள், பத்து விநாடிக்குள் மனம் இளகிவிடாதீர்கள். வங்கிச் செயலிக்கும் வாட்ஸப்புக்கும் ஆட்டோஸ்டார்ட் கொடுங்கள். கொத்தமல்லி உங்கள் சொந்த விவகாரம். முக்கியமாக, பணத்தை நீட்டுவதற்கு முன், இதற்குப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். "டெம்பர்டு கிளாஸ் ஃப்ரீ சார்" என்பார். மறுபடியும் கேளுங்கள்.